காய்ச்சல் தணிந்த பிறகு

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்னும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நெய்யாற்றின்கரையில் சாலையைவிட்டு உட்புறமாகத் திரும்பினால், தென்னையும் ரப்பரும் மரவள்ளியும் நிறைந்த மேட்டு நிலங்களுக்கிடையே பெருங்கடவிளை என்னும் சிற்றூரை அடையலாம். நெய்யாறு அதற்கு அணித்தே ஓடுகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லைக்கோடு வரைந்த அளவில் மக்களின் பேச்சும் பழக்கமும் இரண்டாகிவிடவில்லை. இன்றும் அப்பக்கத்துக் கடைத்தெருக்களில் இரு மொழிகளும் ஒன்றோடொன்று கலந்து ஒலிப்பதைக் கேட்கலாம்.

முதன்முறையாக அங்குச் செல்லும் சோழ நாட்டுத் தமிழர் ஒருவர், ஆடி மாதத்து மழைநாளில் ஒரு வீட்டு வாயிலில் நின்று, “பிள்ளை எங்கே?” என்று வினவினால், “அவனுக்குப் பனி” என்னும் விடை வரக்கூடும். ஆடியில் ஏது பனி என்று அவர் திகைப்பார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். விளவங்கோட்டுப் பக்கத்துத் தமிழர் பேச்சிலும் இவ்வழக்கு உண்டு. இஃது அயலார் சொல் என்று நாம் ஒதுக்கவேண்டுவதில்லை. பனித்தல் என்னும் நம் பழைய வினைச்சொல்லுக்கு நடுங்குதல் என்றே பொருள். குளிரால் நடுங்கினாலும் சுரத்தால் நடுங்கினாலும் நடுக்கம் ஒன்றுதானே! நாம் குளிரை வைத்துக்கொண்டோம். அவர்கள் சுரத்தை வைத்துக்கொண்டார்கள்.

மழைக்காலத்தில் ஊரெங்கும் பரவும் காய்ச்சலை மலையாளத்தில் ‘பகர்ச்சப்பனி’ என்பர். அங்குப் பகர்தல் என்பது பரவுதல். தமிழில் பகர்தல் என்பது பேசுதல். நாம் இன்று பேசவிருக்கும் நோயோ, பேசும்போதும் இருமும்போதும் தும்மும்போதும் வாயிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளால் பரவுவது. இரு மொழிப் பொருளும் அதற்கு ஒருங்கே பொருந்துகின்றன. இன்புளுயன்சா என்றும், சுருக்கமாகப் புளு என்றும் அதனை உலகம் அழைக்கிறது.

நோயின் போக்கை முதலில் அறிந்துகொள்வோம். புளுவின் வைரஸ் உடலினுள் புகுந்தபின் ஒரு நாள் முதல் நான்கு நாள் வரை வெளியில் யாதொரு குறியும் தோன்றாது. பெரும்பாலும் இரண்டு நாளாகும். பின்னர் நோய் திடீரென்று வெளிப்படும். காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் போர்வையைத் தேடுவார். குளிர், கடுங்காய்ச்சல், தலைவலி, கை கால் முதுகெல்லாம் அடித்துப்போட்டாற்போன்ற வலி, வறட்டு இருமல், தொண்டைக் கரகரப்பு ஆகியவை சேர்ந்து வரும். சாதாரணச் சளி மெல்லமெல்ல வரும். புளுவோ கதவைத் தள்ளிக்கொண்டு வரும். மூன்று நான்கு நாட்களில் காய்ச்சல் தணியும். ஆனால் இருமலும் சோர்வும் இரண்டு வாரம் வரையிலும், முதியவர்களிடம் அதற்கு மேலும் நீடிப்பதுண்டு. நோயாளி, குறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்கு நோயைத் தரத் தொடங்குகிறார். தோன்றியபின் ஐந்து முதல் ஏழு நாள் வரை தந்துகொண்டிருக்கிறார்.

இவ்வரலாற்றில் நாம் உற்றுநோக்கவேண்டிய இடம், காய்ச்சல் ஏறும் இடமன்று. அது தணியும் இடம். காய்ச்சல் இறங்கியதும் நோய் போயிற்று என்று எண்ணுவது மனித இயல்பு. போனது காய்ச்சல் மட்டுமே. மூச்சுக்குழாயின் உட்புறத்தைக் காக்கும் மெல்லிய படலத்தை வைரஸ் சிதைத்துவிட்டுப் போயிருக்கிறது. அப்படலம் மீண்டும் வளர்வதற்கு நாள் பிடிக்கும். அதற்குள் வேறு கிருமிகள் நுழைந்து நுரையீரலைத் தாக்குமானால் நிமோனியா உண்டாகிறது. காவலர் வீழ்ந்த கோட்டைக்குள் கள்வர் புகுவதைப் போன்றது அது. 1918-ஆம் ஆண்டின் பெருங்கொள்ளைநோயில் மாண்டவர்களில் மிகப் பலர் இவ்வாறு இரண்டாவதாகப் புகுந்த கிருமிகளால் மாண்டவர்களே என்று, அக்காலத்து உடற்கூற்றுச் சான்றுகளை மீண்டும் ஆராய்ந்த அறிஞர்கள் கண்டுள்ளனர்.

அந்த 1918-ஆம் ஆண்டின் கதையை இங்குச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். முதல் உலகப் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஜூன் மாதம் 10-ஆம் நாள், பம்பாய்த் துறைமுகத்தில் காவல் புரிந்த போலீஸ் சிப்பாய்கள் எழுவர் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அது மலேரியா அன்று என்று மட்டும் மருத்துவர்களுக்குத் தெரிந்தது. அந்த முதல் அலை ஓரளவு மென்மையாகவே கடந்து சென்றது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையோ கொடிது. அக்டோபர் 6-ஆம் நாள் ஒன்றில் மட்டும் பம்பாய் நகரில் 768 பேர் இறந்தனர். புகைவண்டிப் பாதைகளின் வழியே நோய் நாடெங்கும் சென்றது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் சென்னை மாகாணத்தையும் வாட்டியது. இந்தியாவில் மட்டும் இறந்தவர் தொகை 1 கோடியே 20 லட்சம் முதல் 2 கோடி வரை இருக்கலாம் என்று வெவ்வேறு ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். உலகில் வேறெந்த நாடும் இத்துணை உயிர்களை அந்நோய்க்குப் பலி கொடுக்கவில்லை.

மக்கள்தொகைக் கணக்கில் அந்த வடு இன்றும் தெரிகிறது. இன்றைய இந்திய எல்லைக்குட்பட்ட நிலத்தில் 1911-இல் 25 கோடியே 20 லட்சம் பேர் வாழ்ந்தனர்; 1921-இல் அத்தொகை 25 கோடியே 13 லட்சமாகக் குறைந்திருந்தது. கணக்கெடுப்பு நடந்த காலமெல்லாம் கூடிக்கொண்டே வந்த மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றே. ஆனால் பெருங்கடவிளை அன்று சேர்ந்திருந்த திருவாங்கூர் சமஸ்தானத்தின் கணக்கு வேறு விதமாக இருந்தது. 1911-இல் 34,28,975 ஆக இருந்த அதன் மக்கள்தொகை 1921-இல் 40,06,062 ஆக உயர்ந்திருந்தது. இதைக் கொண்டு நோய் அங்கு வரவில்லை என்று கருதலாகாது. இந்தியாவில் அது எட்டிப்பாராத மூலை இல்லை. ஆனால் பம்பாய், மத்திய மாகாணங்கள், பஞ்சாப் ஆகியவற்றில் உயிர்களை வாரிக்கொண்டுபோன நோய், தெற்கிலும் கிழக்கிலும் ஒப்புநோக்கில் குறைவாகவே கொன்றது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை.

ஏன் இந்த வேற்றுமை? ஆய்வாளர்கள் கூறும் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது. 1918-இல் தென்மேற்குப் பருவமழை நாட்டின் பெரும்பகுதியில் பொய்த்தது. போரினால் முன்பே ஏறியிருந்த தானிய விலை மேலும் ஏறியது. பசியால் மெலிந்திருந்த உடல்களைத்தான் நோய் எளிதில் சாய்த்தது. இன்னுமொரு துயரமான செய்தியும் உண்டு. இந்தியாவில் அவ்வாண்டு ஆண்களைவிடப் பெண்கள் மிகுதியாக இறந்தனர். வீட்டில் குறைந்த உணவு உண்டவர்கள் அவர்கள். நோயாளிகளின் அருகிலிருந்து பணிவிடை செய்தவர்களும் அவர்களே. தாங்கள் படுத்தபோது அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க யார் இருந்தனர் என்னும் கேள்விக்கு எந்தக் கணக்கேட்டிலும் விடை இல்லை.

அன்றைய மருத்துவர்களிடம் இந்நோய்க்கு மருந்து ஏதும் இருக்கவில்லை. நோயின் காரணமே அவர்களுக்குத் தெரியாது. இன்புளுயன்சா என்னும் பெயரே அவ்வறியாமையின் அடையாளம். இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்கு ஆதிக்கம் என்று பொருள்; வானத்துக் கோள்களின் ஆதிக்கத்தால் நோய் வருகிறது என்று நம்பிய காலத்தில் பிறந்த பெயர் அது. கிரகக் கோளாறு என்று நம் நாட்டில் சொல்லிக்கொண்டதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. 1892-இல் ஜெர்மானிய அறிஞர் பைபர் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, இதுவே காரணம் என்றார். அது பிழை என்பது பின்னரே புலப்பட்டது. 1933-இல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்டுலா என்னும் மூவர், கீரியை ஒத்த பெரட் என்னும் சிறு விலங்குக்கு இந்நோயை ஏற்றி, மனிதரின் புளுவுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று நிறுவினர்.

அதே காலத்தில் நெய்யாற்றின்கரையில் வேறொரு முயற்சி நடந்தது. அவ்வட்டாரத்து மக்களுக்கு மேனாட்டு மருத்துவம் புதிதன்று. நெய்யூரில் 1838-இல் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே தொடங்கிய மருத்துவப் பணி, தென் திருவாங்கூர் முழுவதற்கும் பயன்பட்டு வந்தது. ஆனால் நோயுற்றபின் மருந்து கொடுப்பது ஒன்று. நோய் வராமல் காப்பது மற்றொன்று. 1928-இல் திருவாங்கூர் அரசின் அழைப்பை ஏற்று ராக்பெல்லர் நிறுவனத்தின் சார்பில் டாக்டர் ஜேகாக்ஸ் வந்து, சமஸ்தானத்தின் சுகாதார நிலையை ஆராய்ந்தார். அதன் பயனாக 1930-களின் தொடக்கத்தில் நெய்யாற்றின்கரையில் ஒரு மாதிரிச் சுகாதார நிலையம் அமைந்தது. தூய குடிநீர், கழிப்பிடம், அம்மை குத்துதல், பிள்ளைப்பேறு, வீடு வீடாகச் சென்று நலம் விசாரித்தல் ஆகியவை அதன் பணிகள். நோயாளி மருத்துவரைத் தேடிப்போன நாட்டில், நலப்பணியாளர் குடிசையைத் தேடிவரும் வழக்கம் அவ்வாறு வேரூன்றியது. பிற்காலத்தில் கேரளம் மக்கள் நலத்தில் பெற்ற நற்பெயருக்கு இட்ட விதைகளுள் இதுவும் ஒன்று.

அடுத்த சோதனை 1957-இல் வந்தது. சீனத்தில் தோன்றி, ஏப்ரலில் ஹாங்காங்கைப் பற்றிய புதிய புளு, தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களுக்கு விரைந்தது. மே மாதத்தின் நடுவில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்திற்கு வந்த கப்பலொன்றில் பயணிகள் பலர் காய்ச்சலோடு வந்திறங்கினர். கடல் கடந்து பிழைக்கச் சென்ற தமிழர் ஊருக்கு வந்துபோகும் வழியே நோய்க்கும் வழியாயிற்று. கேரள மாநிலம் பிறந்து அப்போது ஏழு மாதமும் நிறையவில்லை. புதிய எல்லைக்கோடு நோயைத் தடுக்கவில்லை, தடுக்கவும் இயலாது. நீலகிரியில், 1907-இல் திறக்கப்பட்ட குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலிருந்த இன்புளுயன்சா ஆராய்ச்சிப் பிரிவு அந்த வைரசை ஆராய்ந்தது. 1958 பிப்ரவரி வரையில் இந்தியாவில் பதிவான நோயாளிகள் 44 லட்சத்திற்கும் மேல். பதிவான மரணங்கள் ஏறத்தாழ 1,100. பதிவாகாதவை எத்தனையோ இருக்கலாம். எனினும் 1918-க்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது. வைரசின் தன்மையும் வேறு. இடையில் பென்சிலின் போன்ற மருந்துகள் வந்து, இரண்டாவதாகப் புகும் நிமோனியாக் கிருமிகளை வெல்லும் வழி பிறந்திருந்தது.

ஒருமுறை வந்தால் மறுமுறை வராத அம்மையைப் போல் புளு ஏன் இருப்பதில்லை என்று கேட்கலாம். புளு வைரஸ் தன் மேலுடையை ஆண்டுதோறும் சிறிது மாற்றிக்கொள்கிறது. நம் உடல் பழைய உடையைக் கண்டு பழகியதாதலின் புதியதைச் சட்டென்று அடையாளம் காண்பதில்லை. சில வேளைகளில் பறவையின் வைரசும் மனிதரின் வைரசும் ஒன்றோடொன்று கலந்து முற்றிலும் புதிதான ஒன்று பிறந்துவிடும். 1957-இல் நிகழ்ந்தது அத்தகையதே. 1968-இல் ஹாங்காங் புளுவும் அவ்வாறு வந்தது. 2009-இல் பன்றியின் வைரஸ் கலந்த புதிய புளு மெக்சிகோவில் வெளிப்பட்டு, மே மாதத்திலேயே இந்தியாவை எட்டியது. அதன் வழிவந்தவை இன்றும் பருவந்தோறும் வரும் சாதாரணப் புளுவாக நம்மிடையே உலவுகின்றன. தடுப்பூசியையும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யவேண்டியிருப்பதன் காரணம் இதுவே. முதியோர், கருவுற்ற பெண்கள், சிறு குழந்தைகள், சர்க்கரை, இதய, நுரையீரல் நோயுடையோர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டு அத்தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுதல் நன்று. ஒசெல்டாமிவிர் என்னும் மருந்தும் இன்று உண்டு. நோய் தொடங்கிய இரண்டு நாட்களுக்குள் கொடுத்தால் அது மிகவும் பயன்படும். யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வைரசை ஒன்றும் செய்யமாட்டா. பின்னால் புகும் பாக்டீரியாவுக்கே அவை உரியவை.

இத்தனை முன்னேற்றத்திற்குப் பின்னும் பெரும்பாலோர்க்குப் புளு தானாகவே தீர்கிறது. உடல்தான் அதைத் தீர்த்துக்கொள்கிறது. உடலுக்கு நாம் கொடுக்கவேண்டியவை ஓய்வும், நீரும், எளிய உணவுமே. பாறசாலைக்கு இப்பால் ஆனாலும் அப்பால் ஆனாலும் வீடுகளில் கொடுப்பது ஒன்றுதான்: சுக்கும் மிளகும் துளசியும் கருப்பட்டியும் இட்ட சுக்குக் காப்பி, பின்னர்ச் சூடான கஞ்சி. ஒரு வீட்டில் கஞ்சிக்குப் பயறு; மற்றொரு வீட்டில் துவையல். சுக்குக் காப்பி வைரசைக் கொல்லும் என்று நாம் சொல்லவில்லை. வறண்ட தொண்டைக்கு இதமும், நீர் வற்றிய உடலுக்கு நீரும், உண்ண மனமில்லாதவருக்குச் சிறிது ஊட்டமும் அவற்றால் கிடைக்கின்றன. பட்டினியே பெரிய மருந்து என்னும் பழைய நம்பிக்கையைப் புளுவுக்குப் பொருத்துவது தவறு. பசித்த உடல்கள் 1918-இல் எவ்வாறு வீழ்ந்தன என்பதை மேலே கண்டோம். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் அளவோடு கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாகாது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. புளுவில் மூன்று நாளுக்குப் பின்னர்தான் விழிப்பு வேண்டும். காய்ச்சல் தணிந்து, மருந்தின் உதவியின்றி ஒரு முழு நாளாவது தணிந்தே இருந்த பின்னரே வெளியே செல்லத் தொடங்கலாம். கடும் உழைப்பை மேலும் சில நாள் தள்ளிவைத்து, படிப்படியாக வேலையைக் கூட்டவேண்டும். தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினாலோ, இருமல் முற்றினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நினைவு தடுமாறினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அவை கோட்டைக்குள் இரண்டாம் பகை புகுந்ததற்கு அடையாளங்கள்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவரை நினைத்தே இவ்வளவும் கூறினோம். மும்பையின் நெருக்கமான குடியிருப்பிலும், டில்லியின் மாடி அறையிலும், கட்டட வேலை நடக்கும் இடத்துத் தகரக் கொட்டகையிலும் வாழும் தமிழருக்கு நோயைவிடக் கொடியது அந்த மூன்றாம் நாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, கூலி போகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஊரில் பணத்தை எதிர்பார்த்து முதியோர் காத்திருக்கிறார்கள். எழுந்து வேலைக்குப் போகிறார். தாய் அருகிலிருந்தால், “இன்றைக்குப் படு” என்று அதட்டியிருப்பாள். ஐந்நூறு காதத்துக்கு அப்பால் அதட்டுவதற்கு ஆள் இல்லை.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில், மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்திருக்கிறார். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து அதைக் கொடுப்பவர் என்பன அவை. நாம் பார்த்த நூறாண்டு வரலாறு இவற்றுள் இரண்டைப் பெரிதும் வளர்த்திருக்கிறது. மருத்துவர் பெருகினர், மருந்து பெருகியது. நோயாளி எக்காலமும் இருப்பவர். நான்காம் கூறு மட்டும் அன்று இருந்தபடியே இருக்கிறது. அதை எந்த ஆலையிலும் செய்ய இயலாது. 1918-இல் மருந்தே இல்லாத நாளில், ஒருவர் வாயில் மற்றொருவர் ஊற்றிய தண்ணீர்தான் மருந்தாக இருந்தது.

ஆகவே நாம் நேயர்களிடம் வேண்டுவது சிறியது. உங்கள் அறையில், உங்கள் தளத்தில், உங்கள் வேலைக் கொட்டகையில் ஒருவர் இரண்டு நாளாக எழவில்லை என்றால் கதவைத் தட்டிப் பாருங்கள். மூக்கையும் வாயையும் ஒரு கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். வெளியே வந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். பணிவிடை செய்தோரும் மாண்ட வரலாறு மீண்டும் வரலாகாது. கஞ்சியோ ரொட்டியோ, அவ்வூரில் கிடைப்பதைக் கொடுங்கள். காய்ச்சல் இறங்கிய மறுநாள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டால், “இன்றைக்குப் படு” என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர் தமிழராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பெருங்கடவிளையில் பக்கத்து வீட்டார் பனி என்று சொன்னால் காய்ச்சல் என்று புரிந்துகொண்டு சுக்கு இடிக்கத் தொடங்கும் கைகள், அது எந்த மொழிச் சொல் என்று கேட்பதில்லை. எல்லையோரத்து மக்கள் நெடுங்காலமாக அறிந்துள்ள அப்பாடம், எல்லைகள் பல கடந்து வாழும் நமக்கும் பொருந்துவதே.